மூன்றாவது இடத்தில் ஒரு சிறு கோடு

ஊரே படிக்கலாம், உடையவள் திருத்தலாம், ஆனால் உடையவளே வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் எழுந்து ஓடாது, அது என்ன? யோசித்துச் சொல்லுங்கள், அவசரம் இல்லை. தயிர் வாங்கப் போன அல்லி மூன்று மாடி இறங்கி, தெருமுனைக் கடையில் நின்று, வழியில் அந்தப் பழுப்புநிறப் பூனையிடம் நலம் விசாரித்து, மறுபடி மூன்று மாடி ஏறி வருவதற்குக் கால் மணி நேரம் ஆகும். விடுகதை போட்டதும் அவள்தான். என் மகள், பத்து வயது, ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டாள், மேல்வரிசையில் ஒரு கோரைப்பல் இன்னும் முளைக்கவில்லை. தெரியவில்லை என்று நான் உதட்டைப் பிதுக்கியதும் மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, "இதுதான்" என்றாள். அவள் எழுதிய ஒரு கோப்பு, ஓட்டினால் ஒரு வரி காட்ட வேண்டிய சின்ன நிரல். அதற்கு 'பெயர்' என்றே பெயர் வைத்திருக்கிறாள். கோப்பின் பெயரை அடித்துத் தட்டிக் காட்டினாள், கீழே வந்தது ஒரு வரி: அனுமதி மறுக்கப்பட்டது. "பாத்தியா, எழுதுனது நானு, என்னையவே உடமாட்டேங்குது. நான் தயிர் வாங்கிட்டு வர்றதுக்குள்ள இத ஓடுற மாதிரி பண்ணி வை. ஆனா உள்ள படிக்கக் கூடாது." படிக்காம எப்படி கண்ணு, என்றேன். "கண்ண மூடிட்டுப் பண்ணு." கண்ண மூடிட்டு எப்படி அடிக்கறது? "கீபோர்டப் பாக்காமலே அடிப்பேன்னு எல்லார்கிட்டயும் பீத்திக்குவியே, இப்பக் காட்டு பார்க்கலாம்." பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஒவ்வொரு மாடியாக மெலிந்துகொண்டே போகிறது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைத் திரையின் மேல் சாய்த்து வைத்திருக்கிறது, மின்விசிறி காற்றில் திரைச்சீலை அசையும்போதெல்லாம் எழுத்துக்கள் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் ஆடுகின்றன, கீழே சுட்டி மட்டும் மூச்சு விடுவதுபோல் விட்டுவிட்டு ஒளிர்கிறது.

அனுமதி மறுக்கப்பட்டது. இந்தச் சொற்களை எழுதியவள் நான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, பள்ளிகளுக்கென்று லினக்ஸ் என்கிற கணினி இயங்குதளத்தின் ஒரு சின்னப் பதிப்பைத் தமிழாக்க நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்தபோது, என் பங்கில் வந்த வாக்கியங்களில் இதுவும் ஒன்று. அப்போது என் கணவர் இன்பராஜ், அதாவது அப்போது இன்னும் கணவர் ஆகாத இன்பராஜ், குழுவுக்கு எழுதிய மடலில் கேட்டார், ஏங்க, எதுக்கெடுத்தாலும் பட்டது பட்டதுன்னு எழுதறீங்களே, யார் மேலயோ தெரியாம கை பட்ட மாதிரி இருக்குது, மறுத்தது யாருன்னு சொல்லுங்க. நான் சொன்னேன், யாரும் மறுக்கலை, அதனாலதான் பட்டது. அதுதான் உண்மை. யாரும் மறுப்பதில்லை. புதிதாக ஒரு கோப்பு பிறக்கும்போது அதற்கு ஓடும் உரிமை இருக்காது, அவ்வளவுதான், எழுதியவரே பிறகு ஒருநாள் வந்து அதைக் கொடுக்க வேண்டும். பட்டியலைக் கேட்டுப் பார்க்கிறேன், பட்டியலைப் பார்க்கலாம், பட்டியல் என்பது வெளிப்பக்கம்தான், அது படிப்பதில் சேராது. வரிசையாகச் சின்ன எழுத்துக்கள் வருகின்றன. முதல் மூன்று இடங்கள் உடையவருக்கு, அடுத்த மூன்று அவர் குழுவுக்கு, கடைசி மூன்று மற்ற எல்லாருக்கும். ஒவ்வொரு மூன்றிலும் முதலாவது படிக்க, இரண்டாவது எழுத, மூன்றாவது ஓட. கொடுத்திருந்தால் எழுத்து இருக்கும், கொடுக்காவிட்டால் அந்த இடத்தில் ஒரு சிறு கோடு இருக்கும். அல்லியின் கோப்பில் மூன்றாவது இடம் மூன்றும் கோடுதான். படிக்க எல்லாருக்கும் அனுமதி உண்டு, எனக்கும் உண்டு, இயந்திரம் எனக்குக் கொடுத்ததை அல்லிதான் மறுத்திருக்கிறாள். மறுத்தது யார் என்று இந்த முறை எனக்குத் தெரியும்.

எழுத்துக்களுக்கு அடுத்து உடையவரின் பெயர். கோப்புக்கு முன்னால் நின்று, நான் இன்னாருடையது என்று சொல்லிக்கொண்டே இருக்கும் பெயர், நம் பெயருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்தைப் போல. உடையவர் அல்லி. குழுவின் பெயரும் அல்லி. இந்தக் கணினியில் ஒருவருக்குக் கணக்குத் திறக்கும்போது அவர் பெயரிலேயே ஒரு குழுவும் பிறந்துவிடும், வேறு யாரையும் சேர்க்காவிட்டால் அந்தக் குழுவில் அவர் ஒருவர்தான். ஒரே ஒருத்தி இருக்கும் குழு. இன்பராஜ் போனதிலிருந்து ஐந்து வருடமாக நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மேஜையின் அந்தப் பக்கம் புதுப்பள்ளியின் ஆறாம் வகுப்பு விண்ணப்பம் தண்ணீர்ச் சொம்புக்கு அடியில் இருக்கிறது, நாளை காலையில் கொடுக்க வேண்டும், எல்லாக் கட்டமும் நிரப்பியாகிவிட்டது, ரத்தவகைகூட, பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து என்ற சின்னக் கட்டம் மட்டும் காலி. இ என்றால் இன்பராஜ், பிறந்ததிலிருந்து அவள் எழுதுவது. த என்றால் தயாளன், வரும் வியாழக்கிழமை பதிவு அலுவலகத்தில் நான் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர். சு என்றால் நான், சுடர்க்கொடி, அதுவும் இப்போது போடலாம் என்கிறார்கள். நீயே தேர்ந்தெடு கண்ணு, எது போட்டாலும் அம்மாவுக்குச் சரி, என்று மூன்று நாளைக்கு முன்பு சோறு பிசைந்துகொண்டே சொன்னேன், ஏதோ குழம்பா ரசமா என்று கேட்பதுபோல. அவளும் அப்பளத்தை உடைத்துக்கொண்டே, எழுதி வைக்கறேன், ஓட்டிப் பாரு, என்றாள்.

எது போட்டாலும் அம்மாவுக்குச் சரி. அது பொய். இ என்று வந்தால் வியாழக்கிழமை நான் போகப்போவதில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, தயாளனிடம் சொல்லவில்லை, அல்லியிடம் சொல்லவே இல்லை, எனக்கே இதை முழு வாக்கியமாக இப்போதுதான் சொல்லிக்கொள்கிறேன். குழந்தை ஒரு எழுத்தை எழுதியிருக்கிறாள். அந்த எழுத்துக்குப் பின்னால் இன்னொரு நிரல் காத்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது. இ வந்தால் நிறுத்து, வேறு வந்தால் போ. அதை எழுதியது நான், அதை ஓட்டும் விரல் மட்டும் அவளுடையது. இப்படியா ஒரு தாய் செய்வாள்? இப்படித்தான் செய்திருக்கிறேன். வெளியே தண்ணீர் லாரி பின்னால் நகரும் ஒலி, ஒரே சுருதியில், நின்று, மறுபடியும். படிக்கலாம். இரண்டு வினாடி வேலை. கோப்பைப் படித்துக் காட்டும் கட்டளையின் பெயர் cat, ஆங்கிலத்தில் பூனை என்றுதான் ஒலிக்கும், அதைத் தமிழில் என்ன செய்வதென்று தெரியாமல் குழுவில் அதைப் பூனை என்றே சொல்லிக்கொள்வோம், பூனைய உள்ள உட்டுப் பாருங்க, என்பார் இன்பராஜ். படிக்காத எதற்கும் ஓடும் உரிமை கொடுக்காதே என்பது அவருடைய வழக்கம். பத்து வரியானாலும் ஆயிரம் வரியானாலும் விரலை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து, பஞ்சாங்கம் பார்ப்பதுபோல் படித்துவிட்டுத்தான் மூன்றாவது எழுத்தைக் கொடுப்பார். கடையில் வாங்கிய மருந்தோடு வரும் சீட்டையும் அப்படிப் படிப்பார். அப்படிப் படித்தவர் காய்ச்சல் என்று படுத்து எட்டு நாளில் போனார். எதை விரல் வைத்துப் படித்திருந்தால் அது தெரிந்திருக்கும்?

தயாளன் அதற்கு நேர் எதிர். அவரும் அந்தக் குழுவில் இருந்தவர்தான். ஓடத்தக்க கோப்பு என்று வரவேண்டிய இடத்துக்கு இயந்திரம் மொழிபெயர்த்துக் கொடுத்ததை ஒட்டிவிட்டு, படித்தே பார்க்காமல் அனுப்பிவிட்டார். ஆங்கிலத்தில் ஓட்டுவதற்கும் தூக்கில் போடுவதற்கும் ஒரே சொல். மூன்று மாதம், எத்தனையோ பள்ளிக்கூடத் திரைகளில், பிள்ளைகள் ஒரு கோப்பின் மேல் சுட்டியை வைத்தால் இந்தக் கோப்பு தூக்கிலிடத்தக்கது என்று வந்தது. ஒரு வாத்தியார் அந்தத் திரையைப் படம் பிடித்து அனுப்பி, என்ன தப்புங்க செஞ்சுது அது, என்று கேட்டிருந்தார். இன்பராஜ் தரையில் உட்கார்ந்து சிரித்தார். அன்றிலிருந்து தயாளனுக்குத் தூக்குமேடை என்று பட்டம், எங்கள் கல்யாணத்துக்கு வந்தபோதுகூட, வாங்க தூக்குமேடை, சாப்டீங்களா, என்றுதான் இன்பராஜ் கையைப் பிடித்தார். அவரும் சிரித்துக்கொண்டே இரண்டாம் பந்தியில் பாயசம் ஊற்றினார். அந்தக் கை இப்போது என் வீட்டுக் குழாயைச் சரிசெய்கிறது, அல்லியின் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறது. நல்ல கை. நல்ல கை என்பதுதான் பயம். கெட்ட கையாக இருந்தால் தட்டிவிட்டிருப்பேன்.

கைப்பேசி அதிர்கிறது, தயாளன்தான், நினைத்ததும் கூப்பிட்டதுபோல். "ஏனுங்க சுடர், பாப்பா ஏதாச்சும் சொல்லுச்சுங்களா?" இன்னும் இல்லீங்க, எழுதி வச்சிருக்கா. "அட, அப்பப் படிச்சுப் பாக்க வேண்டியதுதானுங்களே." படிக்கக் கூடாதாம், ஓட்டித்தான் பாக்கணுமாம். "அதுக்கென்னங்க, ஏழு ஏழு ஏழுன்னு போட்டு உடுங்க." ஏழு ஏழு ஏழு என்றால் உடையவர், குழு, மற்றவர் எல்லாருக்கும் எல்லா உரிமையும். வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டு, தெருவில் போகிறவனிடம் சாவியையும் கொடுப்பது. உங்க புத்தி போகவே போகாதுங்களா, என்கிறேன். "போகாதுங். தூக்குமேடைன்னு பட்டமே வாங்கியாச்சு, இனி எங்க போறது." அவர் சிரிப்பில் இன்பராஜின் சிரிப்பு ஒட்டிக்கொண்டு வருகிறது, அந்தப் பட்டத்தைச் சொல்லும்போதெல்லாம் வரும். பிறகு குரல் தணிகிறது. "எந்த எழுத்துன்னாலும் எனக்கு ஒண்ணுமில்லீங்க. மெய்யாலுமேதான் சொல்றேன். புள்ளைகிட்ட மூஞ்சியக் காட்டிராதீங்க, அதுதான் முக்கியம்." இல்லீங்க. "சாயங்காலம் வரட்டுங்களா?" வாங்க, என்று சொன்னேனா, பாக்கலாங்க என்று சொன்னேனா, வைத்த பிறகு ஞாபகம் இல்லை. சொம்பின் வியர்வை விண்ணப்பத்தில் ஒரு வட்டம் போட்டிருக்கிறது.

எந்த எழுத்துன்னாலும். அவரால் அதைச் சொல்ல முடிகிறது, படிக்காமலேயே. எனக்கு முடியவில்லை. போன மாதம் அல்லி பல் தேய்த்துக்கொண்டே கேட்டாள், அப்பா குரல் எப்படிம்மா இருக்கும்? நுரை வழிய வழியக் கேட்டாள், சாதாரணமாக, யானை என்ன சாப்பிடும் என்பதுபோல. நான், கொஞ்சம் கரகரன்னு இருக்கும், என்றேன். அவர் போனபோது அவளுக்கு ஐந்து வயது, அவள் நினைவில் இருப்பது அவருடைய சிவப்புத் தலைக்கவசமும் அதற்குள் தலையை விட்டால் வரும் வாசனையும்தான், அதையும் அவள் சொல்லித்தான் நான் அறிவேன். ஆனால் குரல் இருக்கிறது. இந்தக் கணினியிலேயே இருக்கிறது, என் கணக்கில், இன்பராஜ் என்ற அடைவுக்குள், கோப்புகளைப் போட்டு வைக்கும் பெட்டிக்குள். பதினோரு வினாடி. சுடர், டீ வச்சிருக்கேன், ஆறிடும், எந்திரி, பின்னால் குக்கர் விசில், பின்னால் குட்டி அல்லியின் ஏதோ பாட்டு. அவர் இறந்த மாதத்தில் ஒருநாள் அதை நாற்பது தடவை கேட்டேன், நாற்பத்தொன்றாவது தடவை கேட்காமல் இருப்பதற்காக அந்த அடைவின் எல்லா உரிமைகளையும் எடுத்துவிட்டேன், ஒன்பது இடத்திலும் ஒன்பது கோடு. கோப்புக்கு அந்த மூன்றாவது எழுத்து ஓடு என்று பொருள். அடைவுக்கு அது உள்ளே வா என்று பொருள். திறக்கப் போனால் என் சொற்களே எனக்கு வரும், அனுமதி மறுக்கப்பட்டது. உடையவள் நான், ஒரு கட்டளையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஐந்து வருடமாக அதைச் செய்யவில்லை. எனக்கு மூடிய கதவு அவளுக்கும் மூடியது என்பது பல் தேய்க்கும் சிறுமி கேட்டபோதுதான் தெரிந்தது. தெரிந்தும், கரகரன்னு இருக்கும், என்றுதான் சொன்னேன். கரகரப்பே கிடையாது. தணிந்த குரல், தூங்குகிறவளை எழுப்பத் தயங்குகிற குரல்.

இல்லாத உரிமையைத் தராமலேயே ஓட்டவும் வழி உண்டு. அதுவும் எனக்குத் தெரியும். இதைப் படித்து அதன்படி செய் என்று இன்னொரு நிரலிடம் கோப்பைக் கொடுத்துவிட்டால் போதும், படிக்கும் உரிமை ஒன்றே அதற்குப் போதும், கோப்பு இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமல் வேறொருவர் வாய் வழியாக ஓடிவிடும். மாடிப்படியில் இல்லாத ஒரு படியில் கால் வைத்ததுபோல் இருக்கிறது. வேறொருவர் வாய் வழியாக. அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். வேண்டாம் என்று சொல்ல வேண்டியவள் நான், அதை அல்லியின் வாயில் வைத்திருக்கிறேன். இ வந்துவிட்டால் யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள். குழந்தைக்கு மனசில்லை பாருங்க, என்று நான் சொன்னால் தயாளன் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார், போகும்போது சைக்கிளுக்குக் காற்று இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பார். ஒன்பது கோடும் அப்படியே இருக்கும், நான் அந்தக் கதவுக்கு வெளியே காவல் உட்கார்ந்திருக்கலாம், வயதாகும்வரை, யாரும் கேட்கமாட்டார்கள். இ வந்துவிடுமோ என்று பயப்படுகிறேன் என்றல்லவா மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பயம் இல்லை அது. ஆசை. இ வேண்டும் எனக்கு. தயாளன் பிடிக்கும், அவர் வரும்போது கொலுசு போட்டதுபோல் வீட்டில் ஏதோ ஒன்று சத்தம் போடுகிறது, அது பிடிக்கும், அதனாலேயே இ வேண்டும். நினைப்பு அந்த இடத்திலேயே சுற்றுகிறது, குக்கர் மூடி மேல் குண்டு சுற்றுவதுபோல், எழும்பாமல், ஓயாமல். சரி. இரண்டு காரியம் அல்லவா இது? அல்லியின் எழுத்து ஒரு காரியம். என் வியாழக்கிழமை இன்னொன்று. இரண்டையும் ஒரே கோப்பில் எழுதியவள் நான்தான். பிரிக்க வேண்டியவளும் நான்தான். பிரிக்கிறேனா? தெரியவில்லை. விரல் மட்டும் அதுபாட்டுக்கு நகர்கிறது, கண்ணை உண்மையாகவே மூடிக்கொள்கிறேன், அவள் சொன்னபடி. உரிமையை மாற்றும் கட்டளையான chmod, ஓர் இடைவெளி, உடையவருக்கான எழுத்து, கூட்டல் குறி, எக்ஸ், ஓர் இடைவெளி, கோப்பின் பெயர். ஏழு ஏழு ஏழு வேண்டாம், ஊருக்கு எதற்கு, உடையவளுக்கு மட்டும் போதும். தட்டுகிறேன். ஒன்றும் சொல்லவில்லை இயந்திரம். மறுக்கும்போதுதான் அதற்குப் பேச்சு, கொடுத்துவிட்டால் மௌனம். கண்ணைத் திறந்து பட்டியலைக் கேட்டால் வெள்ளையாக இருந்த பெயர் பச்சையாக நிற்கிறது, முதல் மூன்றில் மூன்றாவது கோடு போய் எக்ஸ் வந்திருக்கிறது. பரீட்சைத் தாளில் தப்புக்குப் போடும் குறி, கணக்கில் தெரியாத ஒன்றுக்கு வைக்கும் பெயர், இங்கே வந்து ஓடு என்கிறது. வாழ்க்கையில் நான் படிக்காமல் உரிமை கொடுத்த முதல் கோப்பு.

செருப்புச் சத்தம் ஒவ்வொரு மாடியாக வளர்ந்துகொண்டே வருகிறது. "படிச்சியா?" கதவுக்கு வெளியிலிருந்தே கேட்கிறாள். இல்லை. "சத்தியமா?" சத்தியமா. "பூனைய உட்டியா?" உடவே இல்லை. என் முகத்தையே உற்றுப் பார்க்கிறாள், காட்டாத முகத்தில் எதையோ தேடுகிறாள், தயிர்ப் பொட்டலத்தின் குளிர்ச்சி என் முழங்கையில் படுகிறது, நெற்றியில் வியர்வை, கையில் பூனை முடி. நாற்காலியில் பாதி இடத்தைப் பிடித்து உட்கார்கிறாள். பச்சையாக நிற்கும் பெயரைப் பார்த்ததும், "ஐ, கலரு மாறிருச்சு" என்கிறாள். பிறகு மெதுவாக, "அம்மா, நான் எது போட்டிருந்தாலும் சரின்னு சொன்னியே, அது நெசமாத்தானே?" என்கிறாள். வாய்வரை வருகிறது, நெசம்தான் கண்ணு, சோறு பிசைந்துகொண்டு சொன்ன அதே குரல். விழுங்கிவிடுகிறேன். "சரியாத்தான் இருக்கும். ஆனா எனக்குக் கொஞ்சம் அழுகை வந்தாலும் வரும், எது வந்தாலும். அது உன்னால இல்ல." அல்லி யோசிக்கிறாள். "அழுதா தயிர ஃப்ரிட்ஜுல நானே வச்சுக்கறேன்" என்கிறாள். இருவரும் சிரிக்கிறோம். புள்ளி, சாய்கோடு, பெயர், ஒவ்வோர் எழுத்தையும் தேடித்தேடி ஒற்றை விரலால் அவளே அடிக்கிறாள், கடைசி விசைக்கு மேல் விரல் நிற்கிறது, இ வரட்டும் இ வரட்டும் என்று எனக்குள் ஒருத்தி கெஞ்சிக்கொண்டே இருக்கிறாள், அவள் கெஞ்சுவது எனக்குக் கேட்கிறது, கேட்டுக்கொண்டே என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். அல்லி தட்டினாள். ஒரு வரி வந்தது. த. அல்லி என்று இருந்தது.